கெருடோ ஊருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நடுலயம் (சுங்கை சிப்புட்)

பள்ளி விடுமுறைக்கு அண்ணன் மகள் வந்திருக்கிறாள். படிவம் இரண்டு படிக்கிறாள். வந்த அன்றே தன் சுவிட்ச் விளையாட்டுக் கருவியை எங்கள் தாமான் வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டிவிட்டாள். விளையாட்டு, 2017-இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’. செல்டா வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இங்கே பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் பால்மரம் வெட்டியவர். திரையில் விளையாட்டின் நாயகன் லிங்க் பெண்ணுடை போட்டுக்கொண்டு, முகத்திரையும் கட்டிக்கொண்டு, ஈட்டி பிடித்த காவல்காரிகளைத் தாண்டி கெருடோ ஊருக்குள் நுழைந்தான். கடைத்தெரு, குழந்தைகள், பயிற்சி எடுக்கும் படைப் பெண்கள்.

“ஆம்பளைங்கள எங்கம்மா காணோம்?” என்று அம்மா கேட்டார்.

“இங்க ஆம்பளைங்க வரக்கூடாது பாட்டி.”

“அப்ப இவன் எப்படிப் போனான்?”

இவள் விளக்கினாள். அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், சுவர்களின் மேலே ஓடும் வாய்க்காலைக் கத்தி முனையால் காட்டி, “பாலைவனம்னு சொல்றியே, இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?” என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த விளையாட்டை மூன்று முறை முடித்திருக்கிறேன். அந்த ஊரைப் பற்றி எனக்கு எப்போதும் இருந்த ஒரே கேள்வி, உள்ளே எப்படிப் போவது என்பதுதான். ஏனென்றால் விளையாட்டு அப்படித்தான் நம்மைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்துகிறது. அம்மா வாசலில் நிற்கவே இல்லை. உள்ளே இருப்பவர்கள் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று பார்த்தார்.

தெரியாதவர்களுக்கு: கெருடோ என்பவர்கள் பாலைவனத்தில் வாழும் பெண் இனம். சிவந்த முடி, பழுப்பு நிறம், நல்ல உயரம். நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் ஆண் பிறப்பான், அவன் அரசனாவான் என்பது கதை. அப்படிப் பிறந்தவன்தான் இந்த வரிசையின் பெரிய வில்லன் கேனன்டார்ஃப்.

இந்தப் பெண்களை விளையாட்டு உள்ளிருந்து காட்டுகிறதா, வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறதா? விளையாடியவர்கள் சொல்லுங்கள். விளையாடாதவர்களும் சொல்லலாம், எங்கள் அம்மா மாதிரி.

கட்டிப்பால் (ஈப்போ)

நான் 1998-லிருந்து வருகிறேன். ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ வந்த வருடம். கெருடோ முதன்முதலில் வந்தது அதில்தான். அப்போது அவர்கள் திருடர்கள், அவ்வளவுதான். கோட்டைக்குள் லிங்க் பதுங்கிப் பதுங்கிப் போக வேண்டும். மாட்டினால் தூக்கிச் சிறையில் போடுவார்கள். அடைத்து வைத்த நாலு தச்சர்களை வாள்காரிகளோடு சண்டை போட்டு மீட்ட பிறகு, இவன் கெட்டிக்காரன் என்று அவர்களே உறுப்பினர் அட்டை கொடுப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் பிடிக்க மாட்டார்கள்.

அதிலேயே நபூரு என்று ஒருத்தி இருக்கிறாள். அவளும் திருடிதான். ஆனால் பெண்களிடமும் குழந்தைகளிடமும் பறிக்கிற கேனன்டார்ஃபைத் தன் அரசன் என்று ஏற்க மாட்டாள். கடைசியில் ஏழு ஞானியரில் ஒருத்தி ஆகிறாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அரசனையே ஒருத்தி வேண்டாம் என்று சொல்வதை ஒரு விளையாட்டில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்கார நண்பன் கூட உட்கார்ந்து பார்ப்பான். அந்தப் பழைய பதிப்பில் கெருடோ சின்னம் பிறையும் நட்சத்திரமும். கண்ணாடிக் கேடயத்திலும் அதுவே இருக்கும். அவன் அதைப் பார்த்துவிட்டு, “இது எங்க சூராவ்ல (தொழுகை இடம்) இருக்கிறது மாதிரி இருக்கே, இவங்க ஏன் திருடங்க?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. விளையாட்டைச் செய்த நிண்டெண்டோவே பிற்பாடு அந்தச் சின்னத்தை மாற்றிவிட்டது. 2011-இல் வந்த மறுபதிப்பில் வேறு சின்னம்தான். நண்பன் கேட்ட கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்டிருக்க வேண்டும்.

அதனால் என் கருத்து, திருடர் கூட்டத்திலிருந்து ஊர்போசா, ரிஜு மாதிரித் தலைவிகள் வரை வந்தது பெரிய தூரம்.

மழைக்காலம்

தூரம் வந்தது சரி அண்ணே. ஆனால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டீர்கள். 2006-இல் வந்த ‘டுவைலைட் பிரின்சஸ்’. பாலைவனம் இருக்கிறது, அதன் பெயரும் கெருடோ பாலைவனம். கேனன்டார்ஃபும் இருக்கிறான். பெண்கள்? ஒருத்தி கூட இல்லை. எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதும் இல்லை. ஒரு இனமே காணாமல் போயிருக்கிறது, அதிலிருந்த ஒரே ஒரு ஆணுக்கு மட்டும் கதை மிச்சம் இருக்கிறது.

அப்புறம் உடை. வெயில் கொளுத்துகிற மணலில் வயிறும் தோளும் திறந்த உடை, காலில் குதிகால் உயர்ந்த செருப்பு. படைக்காரிகளுக்கும் அதேதான். லிங்குக்கு அந்த உடை போட்டால் வெப்பம் தாங்கும் என்று விளையாட்டு கணக்கு வேறு வைத்திருக்கிறது.

நான் தோட்டத்தில் வளர்ந்தவள். என் சின்னம்மா வேலைக்குக் கிளம்புவதைச் சொல்கிறேன். கைலி, அதற்கு மேல் சித்தப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பார். தலையில் துண்டு, அதன் மேல் விளக்கு. காலில் முட்டி வரை காலுறை, அட்டைக்கு. கையிலும் ஒரு பழைய காலுறையின் நுனியை வெட்டி மாட்டிக்கொள்வார், கொசுவுக்கு. வேலை செய்கிற பெண் தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் உடுத்துவாள். கெருடோ உடையை வரைந்தவர்களுக்கு அந்தப் பெண்ணின் வேலை கண்ணில் படவில்லை. பார்க்கிறவனின் கண்தான் பட்டிருக்கிறது.

பேச்சும் அப்படித்தான். ஊருக்குள் ஒரு வகுப்பு நடக்கும், ஆண்களிடம் எப்படிப் பழகுவது என்று சொல்லிக் கொடுக்க. வயது வந்தவர்கள் மாப்பிள்ளை தேடி வெளியூர் போகிறார்கள். பெண்கள் மட்டும் கூடினால் ஆண்களைப் பற்றித்தான் பேசுவோம் என்று எழுதியவர்களுக்கு யார் சொன்னது?

ஏழாம் நம்பர் (கோலா கங்சார்)

அக்கா, உடை விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். பேச்சு விஷயத்தில் இல்லை. அந்த ஊரில் சும்மா சுற்றி வாருங்கள், சண்டை எதுவும் வேண்டாம்.

நகைக்கடைக்காரி தீக்கல் கிடைக்காமல் கடையைத் திறக்க முடியாமல் நிற்கிறாள். பத்து தீக்கல் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வியாபாரம் ஆரம்பம். இன்னொருத்தியின் கணவர் வெளியூரில் நோயாகக் கிடக்கிறார், மருந்துக்கு மோல்டூகா என்ற மணல் பூதத்தின் குடல் வேண்டும் என்று தவிக்கிறாள். ஒருத்தி பெரிய எலும்புக்கூட்டைத் தேடிப் போய்ச் சோர்ந்து கிடக்கிறாள், தர்பூசணி மாதிரி ஒரு பழம் கொடுத்துத் தேற்ற வேண்டும். இதில் ஆண்களிடம் குழைவது எங்கே இருக்கிறது?

தலைவி ரிஜு. அம்மா இறந்துபோனதால் சின்ன வயதிலேயே பட்டம். மெய்க்காப்பாளர் புலியாரா அவளை ஒரு நிமிடம் கூடத் தனியாக விடமாட்டார். சிம்மாசனத்தில் உட்காரும்போது ஒரு முகம், தன் படுக்கையறையில் மணல் கடல்நாய் பொம்மைகளுக்கு நடுவே இன்னொரு முகம். எனக்கு அந்த அறைதான் மொத்த விளையாட்டிலும் பிடித்த இடம். அப்பா தவறியபோது எனக்குப் பதினைந்து. மறுநாளிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள். ரிஜு கீழே வந்து பெரியவள் மாதிரிப் பேசும்போதெல்லாம் எனக்கு அது புரியும்.

நடுலயம் அக்காவின் அம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்டார்களே, அதற்கும் ஒரு கதை உண்டு. வாய்க்கால் தண்ணீர் அசுத்தமாகிறது என்று ஒருத்தி புலம்புவாள். மேலே ஏறிப் பார்த்தால் ஒரு பெண் சுகமாக உட்கார்ந்து பழம் தின்று, தோலைத் தண்ணீரிலேயே போட்டுக்கொண்டிருப்பாள். இதை அம்மாவிடம் காட்டுங்கள்.

விடியல்

இங்கே இதுவரை யாரும் விலியாவைப் பற்றிப் பேசவில்லை. நான் பேசுகிறேன். நான் திருநங்கை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கெருடோ ஊருக்குள் போக லிங்குக்கு உடை கொடுப்பது விலியா. காரா காரா சந்தையில் விடுதிக் கூரை மேலே தனியாக நிற்பார். அறுநூறு ரூபாய்க்கு உடை தருவார், விளையாட்டின் காசுக்கு அதுதான் பெயர். நீ அழகாக இருக்கிறாய் என்று லிங்க் சொன்னால் முகம் மலர்ந்துபோகும். உடையைக் கொடுத்து, உனக்கு நன்றாக இருக்கிறது என்று அவனையும் பாராட்டுவார். அடுத்த நொடியில் காற்று அடித்து முகத்திரை விலகும், அடியில் தாடி தெரியும். லிங்கின் முகத்தில் அதிர்ச்சி. நாம் சிரிக்க வேண்டும் என்பதற்காக வைத்த காற்று அது.

முதல் முறை விளையாடியபோது அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். சந்தையில் நடக்கும்போது யாரோ தாவணியை இழுத்தது போல இருந்தது. இழுத்திருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

ஆனால் விலியாவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தன் விருப்பப்படி உடுத்துகிறார், தைரியமாக அந்த ஊருக்குள் போய் வருகிறார், கேட்டு வந்தவனுக்கு வழி காட்டுகிறார். அவர் உடை தராவிட்டால் ரிஜுவும் இல்லை, ஊர்போசாவின் கதையும் இல்லை. கதவைத் திறந்துவிட்ட ஆளுக்கு விளையாட்டு கொடுத்த கூலி அந்தக் காற்று. இதை எழுதியவர்கள் அந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துவிட்டிருக்கலாம். கதையில் எதுவும் குறைந்திருக்காது.

மழைக்காலம்

விடியல், நான் அந்தக் காட்சியில் சிரித்திருக்கிறேன். மன்னிக்கணும்.

விடியல்

பரவாயில்லை. எழுதியதைப் படித்தீர்களே, அது போதும்.

பெரட்டுக்களம்

நான் விளையாடுகிறவன் இல்லை. வயது எழுபத்திரண்டு. பேரன் இந்த இழையைப் படித்துக் காட்டினான். சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, அதனால் அவன் கைப்பேசியிலேயே சொல்லச் சொல்ல எழுத வைக்கிறேன்.

பெண்கள் ஆளும் ஊர், ஆண் வேடம் மாறி நுழைவது, இதெல்லாம் நமக்குப் புதிதா? அல்லி அரசாணி கதை தெரியாதா? மதுரையை ஆண்டவள். மந்திரி, படை, காவல் எல்லாம் பெண்கள். வீட்டில் பெண் கொஞ்சம் குரல் உயர்த்தினால் ‘அல்லி ராஜ்ஜியம்’ என்று சொல்கிறோமே, அந்த அல்லி. அர்ச்சுனன் அவள் மேல் ஆசைப்பட்டு, கண்ணன் உதவியோடு பாம்பாகி அவள் அறைக்குள் போய், தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுவான். விழித்துப் பார்த்தவள் என்ன செய்வாள்? கொதித்துப் போய்ப் படை திரட்டுவாள்.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், என் அம்மா ராத்திரியில் இந்தக் கதையைச் சொல்வார். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் சொன்னால் அர்ச்சுனனின் சாமர்த்தியம் பெரிதாக வரும். என் அம்மா சொல்லும்போது தாலி கட்டும் இடத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுவார். அல்லி எழுந்து கோபப்படும் இடத்துக்கு வந்துவிட்டால் அரை மணி நேரம் ஆகும். அவள் என்னென்ன சொன்னாள், யார் யாரை அழைத்தாள், எந்தக் குதிரையில் ஏறினாள் என்று நீட்டிக்கொண்டே போவார். கேட்கிறவர்களும் விடமாட்டார்கள். “இன்னும் சொல்லுக்கா, அப்புறம் என்ன சொன்னா?” என்பார்கள்.

ஆகவே அதே கதைதான். யார் சொல்கிறார்கள், எந்த இடத்தில் நின்று சொல்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் தோட்டக் கூலியை அரசாங்கமே விதித்தது. 1920களின் கடைசியில் எளிதில் போய்வரக்கூடிய இடங்களில் நாளைக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. என் பாட்டி வாங்கியது அந்த நாற்பது. பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிடும் வரிசைக்கு, ஆணோடு ஒரே நேரத்தில்தான் போய் நிற்க வேண்டும். மேற்பார்வை பார்க்கும் தண்டல் பெயர் கூப்பிடும்போது குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி வந்து மூச்சு வாங்க நிற்பார்கள். ஆயாக் கொட்டகையில் வரிசையாகத் தூளி கட்டியிருக்கும், ஒரு கிழவி ஒரு கையால் ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவாள். நீங்கள் சொல்லும் அந்த ஊரில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பேரனைக் கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நடுலயம் (சுங்கை சிப்புட்)

ஐயா, வணக்கம். உங்கள் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆயாக் கொட்டகை வந்த இடத்தில் “ரெண்டாவது தடவ படி” என்றார்.

அல்லி என்றதும் எனக்கு இன்னொன்று தோன்றியது. பெண்கள் மட்டும் இருந்த ஒரு படை நம் மண்ணிலேயே இருந்திருக்கிறது. 1943-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படை. தலைவி கேப்டன் லட்சுமி. சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயாத் தமிழ்ப் பெண்கள், ரப்பர் தோட்டங்களிலிருந்து போனவர்கள் நிறைய. இந்தியாவைக் கண்ணாலும் பார்க்காதவர்கள் அதற்காகத் துப்பாக்கி தூக்கினார்கள். கோலாலம்பூரிலிருந்து போன ஜானகி அதில் பெரிய பொறுப்பில் இருந்தார், பிற்காலத்தில் ஜானகி ஆதிநாகப்பன் என்று நாம் அறிந்தவர். அந்தப் பாசறையில் யார் சமைத்தார்கள், யார் யாருக்குத் தலை வாரிவிட்டார்கள், ராத்திரியில் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை.

கெருடோவைப் பற்றி என் மனக்குறை இதுதான். ஊர் அழகாக இருக்கிறது, ஏழாம் நம்பர் தம்பி சொன்ன எல்லாமும் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய பெரிய வரலாறு என்று வந்தால் மட்டும் அது அந்த ஒரு ஆணின் வரலாறாகிவிடுகிறது. எங்கள் ஊருக்கும் இது நடந்திருக்கிறது. சுங்கை சிப்புட் என்றால் புத்தகத்தில் 1948 ஜூன் 16, மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டது, அவசரகாலம் பிறந்தது. பொய்யில்லை, அது நடந்தது. ஆனால் அன்று காலையும் எங்கள் பெண்கள் இருட்டில் எழுந்து தண்ணீர் பிடித்தார்கள். அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

கட்டிப்பால் (ஈப்போ)

இதைப் படித்ததும் 2002-இல் வந்த ‘விண்ட் வேக்கர்’ ஞாபகம் வந்தது. கடைசியில் கேனன்டார்ஃப் தன் நாட்டைப் பற்றிப் பேசுவான். பகலில் எரிக்கிற காற்று, இரவில் உறைய வைக்கிற காற்று, அந்தப் பக்கம் பசுமையான ஹைரூல் நாட்டில் மட்டும் வேறு காற்று, அதன் மேல் ஆசைப்பட்டேன் என்பான். அருமையான இடம். கெருடோ பட்ட கஷ்டத்தை இந்த வரிசையில் அவ்வளவு உருக்கமாகச் சொன்னது அங்கேதான். அதையும் அவன்தான் சொல்கிறான்! அந்தக் காற்றில் பிள்ளை வளர்த்தவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

2023-இல் வந்த ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ கொஞ்சம் ஈடு செய்கிறது. பழங்காலத்தில் கேனன்டார்ஃபை எதிர்த்து நின்ற ஞானியரில் ஒருத்தி கெருடோ, மின்னலின் ஞானி. தன் அரசனுக்கே எதிராக நின்றவள். ஆனால் அவள் முகத்தை முகமூடி மறைத்திருக்கிறது, பெயரும் அந்த விளையாட்டில் நமக்குச் சொல்லப்படவில்லை. எனக்கு அவளைப் பற்றித் தனியாக ஒரு விளையாட்டே வேண்டும்.

முதலில் எழுதியதை நான் திருத்திக்கொள்கிறேன். பெரிய தூரம் வந்திருக்கிறார்கள். முழுத் தூரமும் வரவில்லை.

ஏழாம் நம்பர் (கோலா கங்சார்)

அதே விளையாட்டில் கிப்டோ பூதங்கள் மொய்த்து ஊரே மணல் புயலில் மூழ்கியிருக்கும். ஆள் ஒருவரும் இல்லை. தேடிப் பார்த்தால் எல்லாரும் நிலத்தடியில். ரிஜு மட்டும் வெளியே, வடக்கே இடிபாடுகளில், பயிற்சி செய்துகொண்டிருப்பாள். அப்புறம் பெண்கள் மேலே வந்து தடுப்புக் கட்டி ஊரைக் காக்கும் சண்டை. அந்தச் சண்டையில் லிங்க் அவர்களோடு நிற்கும் பலரில் ஒருவன். எனக்கு அது நிறைவாக இருந்தது.

மழைக்காலம்

அந்த இடத்தில் எனக்கும் கண் கலங்கியது தம்பி, மறைக்க மாட்டேன். செருப்பு மட்டும் அப்பவும் அதே குதிகால் செருப்புதான்.

நடுலயம் (சுங்கை சிப்புட்)

நேற்று இரவு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழாம் நம்பர் தம்பி சொன்ன பழத்தோல்காரியை அண்ணன் மகள் கண்டுபிடித்துக் காட்டினாள். அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். லயத்தில் இருபது வீட்டுக்கு ஒரே குழாய். பக்கத்தில் ஒருத்தி மீன் கழுவிவிட்டுச் செதிலை அப்படியே விட்டுப் போவாளாம். நாற்பது வருடம் ஆகியும் பெயர் மறக்கவில்லை, ஆனால் இங்கே எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார். தோட்டத்தை விற்று வீடுகளை இடித்தபோது கடைசிவரை தண்ணீர் வந்தது அந்தக் குழாயில்தானாம். அவளும் அம்மாவும்தான் கடைசியாகப் பிடித்தார்கள்.

அதற்கப்புறம் அம்மா விடவில்லை. வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே மேலே போகச் சொன்னார். இவள் லிங்கைச் சுவர் மேல் ஏற்றி, அரண்மனைக் கூரை ஏற்றி, அதற்கு மேலே பாறையிலும் ஏற்றினாள். தண்ணீர் உச்சியிலிருந்து வருகிறது. அங்கிருந்து பிரிந்து பிரிந்து ஊர் முழுக்க இறங்குகிறது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்களே என்று எனக்கு அதை வரைந்தவர்கள் மேல் மரியாதை வந்தது. மேலேயிருந்து பார்த்தால் மொத்த ஊரும் தெரியும், விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

அம்மா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். “சரி, பாசி புடிச்சா இத யாரு வந்து தேய்ப்பா? முறை வச்சிருப்பாங்க. அவள எங்க?” என்றார்.

காலையிலிருந்து இவள் தேடிக்கொண்டிருக்கிறாள். ஊரில் ஒவ்வொருத்தியிடமும் நின்று பேசிப் பார்க்கிறாள், விடிகாலையிலும் ராத்திரியிலும் மேலே ஏறிப் பார்க்கிறாள். யாராவது பார்த்திருந்தால் எந்தப் பக்கம், எந்த நேரம் என்று இங்கே எழுதுங்கள். சனிக்கிழமை வரை வீட்டில்தான் இருப்பாள்.